மூட்டை கட்டுவதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

தம்பியின் போனுக்கு நீ அனுப்பிய சாமான் பட்டியலை அவன் வாசித்துக் காட்டினான். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம் பூட்டன்மார் நடந்த வழியில் நடந்து, அப்படியே கண்டி, ஹட்டன் என்று ஏறி வரப்போகிறாயாம். அவர்கள் வந்து 200 வருஷம் என்று 2023இல் அத்தனை பேர் கூட்டமாக அதே வழியில் நடந்தபோது வராதவள் இப்போது கிளம்புகிறாய். நல்லது. நம் தோட்டத்து டிவிசனில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். போன் எடுத்தால் 'வேலை, வேலை' என்று வைத்துவிடுகிறாய், பட்டியல் எழுத மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

ஆனால் 14 கிலோ மூட்டையா? நீயே 48 கிலோதானே. உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தூக்கக்கூடாது என்கிறான் தம்பி. தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் தொங்கவிட்டுத் திரிந்தவள் சொல்கிறேன், காலையில் தூக்கிப் பார்க்கிற பாரம் வேறு, அந்திக்கு மலையேறும்போது அதே பாரம் வேறு. பையில் இடுப்புப் பட்டி இருக்கிறதா பார். பாரம் இடுப்பில் உட்கார வேண்டும், தோளில் தொங்கக்கூடாது. தண்ணீரையும் கணக்கில் சேர், ஒரு லீட்டர் ஒரு கிலோ. ஜூலையில் மன்னார்ப் பக்கம் காய்ந்து கிடக்கும். தண்ணீரைக் குறைக்க முடியாது, சாமானைத்தான் குறைக்க வேண்டும்.

அதனால்தான் கூடாரத்தைப் பற்றிக் கேட்கிறேன். இரண்டு பேர் படுக்கிறது, 2 கிலோ என்று போட்டிருக்கிறாய். ஒருவர் படுக்கிறது ஒரு கிலோவிலேயே கிடைக்கிறதாம். பையை உள்ளே வைக்க இடம் வேண்டும் என்று பெரியதாக வாங்குகிறவர்களும் உண்டு என்கிறான் தம்பி. அப்படியென்றால் சரி. குவளையும் இரண்டு எழுதியிருக்கிறாய். நான் பாரத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். கூட யாராவது வந்தால் கம்பியை ஒருவர், துணியை ஒருவர் என்று பிரித்துத் தூக்கலாம். இல்லாவிட்டால் எல்லாம் உன் முதுகில்தான்.

ஸ்லீப்பிங் பேக் இறகு அடைத்தது வேண்டாம். எடை குறைவுதான், மடித்தால் சின்னதாகப் போகும்தான். நனைந்தால் இறகு கட்டிப்பட்டுச் சூடே தராது. நீ அநுராதபுரத்தில் வேர்த்துவிட்டு அடுத்தடுத்து ஹட்டன் மழைக்குள் வருகிறவள். செயற்கைப் பஞ்சு கொஞ்சம் பாரம், ஆனால் ஈரத்திலும் ஓரளவு சூடு நிற்கும். கீழ்நாட்டில் மழை இல்லாத ராத்திரிக்குக் கூடாரத்தின் உள்வலை மட்டும் போதும். காற்று வரும், நுளம்பு வராது. மேல்துணி நாவலப்பிட்டி தாண்டியதும் கட்டாயம். அப்போதும் காற்றுவழியை அடைக்காதே, மூச்சுக்காற்றே உள்ளே தண்ணீராக வழியும். காலையில் துணியை நன்றாக உதறிக் கட்டு. ஈரக் கொழுந்துக்குத் தராசடியில் தண்ணீர் என்று கிலோவைக் கழிப்பார்கள். உனக்கு யாரும் கழிக்கமாட்டார்கள், துணி குடித்த தண்ணீரையும் நீதான் சுமக்க வேண்டும்.

மடு, மதவாச்சிப் பக்கம் யானை. காட்டோரத்தில் கூடாரம் அடிக்காதே, பழம், சோறு எதையும் உள்ளே வைத்துக்கொண்டு படுக்காதே. கோயிலோ, புத்த பிக்குமார் இருக்கிற பன்சலையோ, பள்ளிக்கூடமோ, போய்க் கேட்டால் இடம் தருவார்கள். நீ யார், கூட வருவது யார் என்றும் கேட்பார்கள். பதில் வைத்துக்கொள்.

அத்தை வீட்டுக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. வேறு விசேஷம் இல்லை. போன தீபாவளிப் பேச்சை அப்பா இப்போது எடுப்பதில்லை. உன் பட்டியலைத் தம்பியிடம் வாங்கி அவரும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பவும் சொல்கிறேன், 10 கிலோவுக்குள் கொண்டு வா. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் ஒரு தேங்காய் உடை. ஹட்டனுக்கு வருவதற்கு முதல் நாள் போன் எடு. எத்தனை பேருக்கு உலை வைக்க வேண்டும் என்று மட்டும் சொல், வேறொன்றும் கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
அம்மா