பயிர்நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பொதுக்குழுவுக்கு வந்துள்ள உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே பொருளுக்குக் கொடுத்தோம்: பயிர் வைரஸ்களில் நடக்கும் மரபணு மறுசேர்க்கை. ஆகவே என் அறிக்கையும் அதைச் சுற்றியே அமைகிறது.

ஒரே செல்லுக்குள் இரண்டு வைரஸ்கள் பெருகும்போது, ஒன்றை நகலெடுத்துக்கொண்டிருக்கும் நொதி பாதியில் மற்றதற்குத் தாவிவிடுவதுண்டு. இரண்டின் துண்டுகளும் ஒட்டிய மூன்றாவது வைரஸ் அப்படித்தான் பிறக்கிறது. அவற்றில் பல நிலைப்பதில்லை. நிலைக்கிற ஒன்று என்ன செய்யும் என்பதற்கு உகாண்டாவின் மரவள்ளியைப் பார்த்தோம்.

1980களின் இறுதியில் அங்கே தலைகாட்டிய கடும் தேமல் நோய் 1990களில் நாடெங்கும் பரவியது. பல இடங்களில் விவசாயிகள் மரவள்ளியையே கைவிட்டார்கள். உணவுத் தட்டுப்பாடு வந்தது. காரணத்தை 1997இல் வெளியான ஆய்வுகள் காட்டின. கிழக்கு ஆப்பிரிக்க மரவள்ளித் தேமல் வைரஸின் உறைப்புரத மரபணுவில், அதாவது வைரஸை மூடும் புரத உறைக்கான மரபணுவில், நடுத்துண்டு மட்டும் ஆப்பிரிக்க மரவள்ளித் தேமல் வைரஸ் என்ற வேறொரு வைரஸுடையது. ஆன்டிபாடி சோதனை உறையைத்தான் பார்க்கும். அதனால் புதிய வைரஸும் பழைய ஆப்பிரிக்க மரவள்ளித் தேமல் வைரஸைப் போலவே தெரிந்தது. என்னை மிகவும் உலுக்கிய செய்தி இதுதான். புதியதும் பழையதும் ஒரே செடியில் சேர்ந்தால் நோய் இன்னும் கடுமையாகும். வெள்ளை ஈயும் நோயுற்ற கரணைகளும் அதை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தன.

பருத்தி இலைச்சுருட்டு நோயையும் எடுத்துக்கொண்டோம். பாகிஸ்தானில் எதிர்ப்பு ரகங்களால் அடங்கியிருந்த அந்நோய், 2001இல் பூரேவாலா பகுதியில் அதே ரகங்களைத் தாக்கியது. அங்கே பிரித்தெடுத்த வைரஸ் முல்தான், கொக்ரான் என்ற இரு வைரஸ்களின் மறுசேர்க்கை. உருளைக்கிழங்கில் ஒய் வைரஸின் மறுசேர்க்கை வகைகள் கிழங்கிலேயே கருகிய வளையங்களை உண்டாக்குவதை ஒரு கூட்டத்தில் படங்களோடு விளக்கினோம். நேரம் போதாமல், அந்த வைரஸைப் பரப்பும் அசுவினி பற்றிய பகுதி நின்றுபோனது.

இந்தப் படிப்பு நம் வேலையையும் திருத்தியது. நமது களப் பதிவுப் படிவத்தில் ஒரு செடிக்கு ஒரு நோய் எழுதவே இடம் இருந்தது. ஒரே செடியில் இரண்டு வைரஸ்கள் சேர்ந்து மறுசேர்க்கைக்கு வழிவிடும் கலப்புத் தொற்றை எழுத வழியே இல்லை. ஓர் உறுப்பினர் இதைச் சுட்டிக்காட்டினார். படிவத்தைத் தயாரித்தவன் நான்; தவறு என்னுடையது. இப்போது தனிக் கட்டம் சேர்த்துவிட்டோம். பழைய பதிவுகளில் எத்தனை செடிகளை இப்படித் தவறவிட்டோமோ என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது.

வரும் ஆண்டுக்கு ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறேன். எதிர்ப்பு ரகத்தில் நோய் தென்பட்டால், உறைப்புரதச் சோதனையோடு நிறுத்தாமல், வைரஸின் முழு மரபணுத்தொகுதியையும் வரிசைப்படுத்தும் ஆய்வகத்துக்கு மாதிரியை அனுப்ப வேண்டும். செலவு கூடும் என்று செயற்குழுவில் ஆட்சேபம் எழுந்தது. அது நியாயமான ஆட்சேபம்தான். எல்லா மாதிரிகளுக்கும் வேண்டாம், எதிர்ப்பு ரகங்களுக்கு மட்டுமாவது செய்வோம் என்பதே என் வேண்டுகோள்.

அறிக்கையையும் தீர்மானத்தையும் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்