கேமரா இல்லாத படங்களை மாட்டும் விதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேமரா இல்லாமல் உருவாகும் ஒளிப்படங்கள் பற்றிய தங்கள் கட்டுரை செய்முறையை நன்றாகவே விளக்கியது. அந்தப் படங்களைக் காட்சிக்கூடத்தில் மாட்டும் விதத்தை மட்டும் தொடவில்லை. பார்வையாளர் பாதிப் படத்தைத் தவறவிடுவது அங்கேதான்.

போட்டோகிராமில், அதாவது ஒளி உணரும் தாளில் பொருளை வைத்து ஒளி காட்டி எடுக்கும் இந்தப் படத்தில், பொருள் தாளின் மேலேயே கிடக்கிறது. இலை எவ்வளவோ, படமும் அவ்வளவே. 1843-இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைச் சயனோடைப்பில் (இரும்பு உப்புகள் பூசிய தாளில் நீலநிறப் படம் தரும் முறை) பதிக்கத் தொடங்கியபோது, அளவு மாறாத இந்தப் பதிவுதான் அதன் பலம். தாளை ஒட்டிக் கிடந்த காம்பின் விளிம்பு கத்தியால் வெட்டினாற்போல் இருக்கும். சில மில்லிமீட்டர் எழும்பி நின்ற நுனி மங்கிக் கரையும். ஒளிமூலம் அகலமாக இருந்தால் மங்கல் இன்னும் கூடும். எது தாளைத் தொட்டது, எது தொடவில்லை என்று இந்த விளிம்புகளே சொல்லிவிடும். ஆனால் அதற்கு ஓரடி வரை நெருங்கிப் பார்க்க வேண்டுமே! நாம் பெரும்பாலும் காண்பது குறுக்கே ஒரு கயிறு, பளபளக்கும் சாதாரணக் கண்ணாடி, கருநீலத்தில் நம் முகம். பிரதிபலிக்காத கண்ணாடி போட்டு, விளக்கை மேலிருந்து சுமார் 30 டிகிரி சாய்வில் வைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

அதற்காக வெளிச்சத்தைக் கூட்டிவிடவும் கூடாது. சயனோடைப்பின் நீலம் கடும் ஒளியில் வெளிறும். இருட்டில் காற்றுப்படச் சில நாள் வைத்தால் பெருமளவு திரும்பும் என்றாலும், 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் நிறுத்துவதே நல்லது. காரம் இந்த நீலத்துக்கு எதிரி. ஆகவே காரத்தன்மைக்காகச் சுண்ணாம்புச் சத்து சேர்த்த மவுண்ட் போர்டு (படத்தைப் பொருத்தும் அட்டை) வேண்டாம். அச்சைச் சரியாக அலசாமல் விட்டிருந்தால் வெள்ளைப் பகுதியில் மஞ்சள் தங்கும். ஜன்னல் வெயில் பட்டால் அதுவே நீலமாகிவிடும்.

கருப்பு-வெள்ளைப் போட்டோ தாளில் பொருளை வைத்து நெடுநேரம் வெயில் காட்டி எடுக்கும் லூமன் அச்சு வேறு வகைச் சிக்கல். படத்தை நிலைநிறுத்தும் கரைசலான ஃபிக்ஸரில் போட்டால் நிறம் மாறும். போடாவிட்டால் காட்சி முடிவதற்குள் கறுத்துப்போகும். அதனால் பலர் ஸ்கேன் செய்து, பெரிதாக்கி மாட்டுகிறார்கள். அது குற்றமில்லை, குறிப்பில் சொல்லாததுதான் குற்றம். பெரிதாக்கிய இலையை அசல் அளவென்று நம்பிப் பார்ப்பவர் வேறொரு படத்தைப் பார்க்கிறார்.

குறிப்பு அட்டையில் ‘சயனோடைப், தாள்’ என்று மட்டும் எழுதுவதும் போதாது. தாளில் வைத்த பொருள், ஒளி காட்டிய நேரம், அசலா நகலா என்ற விவரம் வேண்டும். ஜன்னலுக்கு எதிரே மாட்டுவதைத் தவிர்க்க முடியாத இடத்தில் படத்தின் மேல் கனத்த துணித்திரை தொங்கவிட்டு, பார்ப்பவரே விலக்கிப் பார்க்க விடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்