குதிரைத்திறன் போதும், தரையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பண்ணை வாகனங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் என்ஜின் பேச்சுதான் அதிகம். 1925-இல் ஃபோர்டு ஆலையிலிருந்து பின்னால் திறந்த சரக்குப் பெட்டியோடே வந்த மாடல் டி பிக்கப்புக்கு 20 குதிரைத்திறன்தான். அந்தக் காலத்தில் பெட்டியைச் சுற்றி மரச்சட்டம் அடித்துக் கன்றையோ ஆட்டையோ ஏற்றினார்கள். பெரிய மாடு என்றால் பாரம் உயரத்தில் நிற்கும். வளைவில் வண்டியே சாயப் பார்க்கும். தாழ்வான தளமுள்ள டிரெய்லரைப் பின்னால் பூட்டி இழுக்கத் தொடங்கியதுதான் பெரிய மாற்றம். அப்புறம் பிக்கப்பின் பின் அச்சுக்கு மேலேயே டிரெய்லரின் பாரம் இறங்கும் கூஸ்நெக் இணைப்பு, 1989-இல் டாட்ஜ் பிக்கப்பில் கம்மின்ஸ் டீசல் என்ஜின் என்று பலம் ஏறிக்கொண்டே போனது.

சரி, டிரெய்லருக்கு உள்ளே நிற்கும் மாட்டுக்கு என்ன கிடைத்தது? அதற்கு வேண்டியது காற்றோட்டமும் செங்குத்தாக இல்லாத சாய்தளமும் வழுக்காத தரையும்தான். சாணமும் மூத்திரமும் கலந்த உலோகத் தரையில் ஒரு தடவை சறுக்கிய மாடு, அடுத்த தடவை வாசலிலேயே முன்னங்காலை ஊன்றிக்கொண்டு நிற்கும். உடனே கம்பைத் தூக்குகிறார்கள்! ரப்பர் விரிப்பு போட்டாலே பாதி மல்லுக்கட்டு குறையும். அடுத்த முறை டிரெய்லரைப் பற்றியும் எழுதுங்கள்.

- ஒரு வாசகர்