1,400 சதுர அடி: ஜார்ஜியாவின் மக்கின்டாஷ் கவுண்டி ஆணையர்களுக்கு ஒரு திறந்த மடல் (நவம்பர் 2024)

மதிப்புக்குரிய ஆணையர்களுக்கு,

வணக்கம். இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். டேரியனில் இருக்கும் உங்கள் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர்கூட இருக்க வாய்ப்பில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் கவுண்டியின் கடலோரத்தில் இருக்கும் சேப்பலோ தீவுக்காரர்கள் இத்தனை நாளும் உங்களிடம் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். படகேறி வந்து பேசினார்கள், மனு எழுதினார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். பலன் என்ன என்பது உங்களுக்கே தெரியும். எந்த மொழியில் எழுதினாலும் கிடைக்கப்போவது ஒன்றுதான் என்ற துணிச்சலில் என் மொழியில் எழுதுகிறேன்.

நான் உங்கள் கவுண்டிக்காரன் இல்லை. அட்லாண்டா பக்கம் குடியிருப்பவன். மெரிடியன் துறையில் படகேறி இரண்டு முறை சேப்பலோவுக்குப் போய் வந்திருக்கிறேன், அவ்வளவுதான். வெளியூர்க்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அடிமைகளாக இருந்தவர்களின் வம்சத்தார் அங்கே வாழும் ஹாக் ஹம்மக் கிராமத்தின் நானூற்றுச் சொச்சம் ஏக்கரை விட்டால், தீவின் மிச்ச நிலம் ஏறக்குறைய முழுவதும் ஜார்ஜியா மாநிலத்துக்குச் சொந்தம். அந்த மாநிலத்துக்கு நான் வரி கட்டுகிறேன். அந்தக் கணக்கில் அங்கிருக்கும் சதுப்பு நிலத்தில் ஒரு கைப்பிடிச் சேறாவது எனக்குப் பாத்தியதை இல்லாமலா போகும்?

கேட்பது ஒன்றே ஒன்று. ஹாக் ஹம்மக்கில் வீட்டின் அளவுக்கு இருந்த 1,400 சதுர அடி வரம்பைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அதற்கு மனம் வரவில்லை என்றால், அதைப் பற்றி மக்களை ஓட்டுப் போடவாவது விடுங்கள்.

என்னை எழுத உட்கார வைத்தது போன மாதம், அக்டோபர் 19ஆம் தேதி. தீவில் கலாச்சாரத் திருநாள். ஊரை விட்டுப் போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், என்னைப்போல் பார்க்க வருகிறவர்கள் என்று நூற்றுக்கணக்கில் கூடும் நாள் அது. திரும்பிப் போகப் படகுக்குக் காத்திருந்த கூட்டம் நின்ற நடைபாலம் பிற்பகலில் உடைந்து விழுந்தது. ஏழு பேர் இறந்துபோனார்கள். ஏழு பேரும் எழுபதைத் தாண்டியவர்கள். அந்தப் பாலம் 2021இல்தான் போடப்பட்டது. முதலில் தண்ணீரில் குதித்துத் தூக்கியவர்கள் அங்கே பக்கத்தில் நின்றிருந்த சாதாரண மக்கள். தீவில் ஆஸ்பத்திரி கிடையாது.

பாலம் மாநில அரசுத் துறையுடையது, உங்களுடையது இல்லை. தெரியும். அந்தப் பழியை உங்கள் தலையில் கட்ட நான் வரவில்லை. ஆனால் அன்றைக்கு நாடு முழுக்க எல்லோரும் வரைபடத்தில் சேப்பலோவைத் தேடினார்களே, அப்போதாவது உங்களில் ஒருவர், "இந்த ஜனங்களுக்கு நாம் போன வருடம் என்ன செய்தோம்?" என்று யோசித்திருப்பீர்களா என்று எனக்குள் ஒரு கேள்வி.

போன வருடம், 2023 செப்டம்பர் 12ஆம் தேதி, மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில், வீட்டின் அளவை 1,400 சதுர அடியிலிருந்து 3,000 ஆக உயர்த்தினீர்கள். அந்த ஊரின் வரலாற்றுக்குத் தனித் தேவைகள் உண்டு என்று பழைய விதியில் இருந்த வாசகத்தையும் எடுத்துவிட்டீர்கள். நீங்கள் சொன்ன காரணம், ஏசியும் ஹீட்டரும் ஓடுகிற பரப்பை மட்டும் கணக்கிடும் பழைய முறையை அமல்படுத்துவது கடினம் என்பது. அளக்கக் கஷ்டமாக இருக்கிறது, அதனால் அளவை இரண்டு மடங்காக்கிவிட்டோம்! வேகமாகப் போகிற கார்களைப் பிடிக்க முடியவில்லை என்று ஷெரிப் நாளைக்கு வேக வரம்பையும் இரண்டு மடங்காக்கினால் நன்றாகத்தான் இருக்கும். டேரியனிலிருந்து அட்லாண்டாவுக்கு நான் சீக்கிரம் போய்ச் சேருவேன்.

மன்னிக்கவும். மரியாதையாகக் கேட்கத்தான் உட்கார்ந்தேன்.

சதுர அடிக் கணக்கு பார்ப்பதற்குச் சின்ன விஷயம். அது ஒரு கிழவியை எப்படி ஊரை விட்டுத் துரத்தும் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். வெளியிலிருந்து ஒருவர் வருகிறார். 1,400 சதுர அடி என்றால் அவருக்கு அங்கே ஒரு சின்ன வீடுதான் கட்ட முடியும், அதனால் யோசிப்பார். 3,000 என்றால் கடற்கரை பங்களா. கட்டுகிறார், நல்ல விலைக்கு விற்கிறார். அடுத்த முறை மதிப்பீட்டு அலுவலகம் வரும்போது அந்த விலை ஏட்டில் இருக்கிறது. பக்கத்து நிலத்தில், தாத்தா கட்டிய இரண்டு அறை வீட்டில் இருக்கிற அம்மாவின் நிலத்துக்கும் அதை வைத்தே மதிப்பு ஏறுகிறது. அவர் எதையும் விற்கவில்லை, வாங்கவில்லை, ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. ஆனால் வரி ஏறிவிட்டது. இது என் கற்பனை இல்லை. 2012இல் மதிப்பீடு ஏறியபோது அந்த ஊரில் சிலருக்கு வரி ஐந்து மடங்குக்கு மேல் கூடியது என்பது உங்கள் ஆவணங்களிலேயே இருக்கும்.

இதில் பாகப் பிரச்சினை வேறு. முன்னோர் உயில் எழுதாமல் இறந்ததால், பல நிலங்கள் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் வாரிசுகள் எல்லோருக்கும் பொது. ஜாக்சன்வில்லில் இருக்கும் ஒரு பங்காளி தன் பங்கை விற்றால் போதும், வாங்கியவர் கோர்ட்டில் போய் நின்று பாகம் கேட்கலாம். பங்காளிச் சண்டை என்றால் என்ன என்பதை இந்த மடலைப் படிக்கிற தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, இவ்வளவு வரி கட்டுகிற ஊருக்கு என்ன கிடைக்கிறது? தீவிலிருந்த பள்ளிக்கூடத்தை 1978இல் மூடினார்கள். அன்றிலிருந்து பிள்ளைகள் விடிகாலைப் படகைப் பிடித்து இந்தக் கரைக்கு வந்து படிக்கிறார்கள். பள்ளி முடிந்ததும் கால்பந்துப் பயிற்சிக்கு நிற்கலாமா? முடியாது, கடைசிப் படகு போய்விடும். இசைக்குழு? அதுவும் படகைக் கேட்டுத்தான். மளிகை படகில். எரிவாயு படகில். பல்வலி வந்தாலும் படகில். கரையில் ஒரு வேலை தேடிக்கொண்டால், முதலாளி ஒரு மணி நேரம் கூட இருக்கச் சொன்னாலே போச்சு, அன்றைக்கு ராத்திரி யார் வீட்டுத் திண்ணையிலாவது படுக்க வேண்டும். இப்படி வேலைக்கும் படிப்புக்கும் ஒவ்வொருவராகக் கரையேறிப் போய், இன்று தீவில் மிஞ்சியிருப்பவர்கள் முப்பதிலிருந்து ஐம்பது பேர். வரிச்சீட்டுக்கு மட்டும் படகு நேரம் பார்க்க வேண்டியதில்லை. அது தபாலில் ஒழுங்காக வந்துவிடுகிறது. கட்டுகிற வரிக்கு ஏற்ற வசதி இல்லை என்று அவர்கள் 2015இல் வழக்குப் போட்டதும், 2022இல் நீங்கள் சமரசத்துக்கு வந்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சமரசத்துக்கு அடுத்த வருடமே இந்த 3,000.

அந்த ஊர் எப்படி அங்கே வந்தது என்பது உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் வாசகர்களுக்குத் தெரியாது. 1802இல் தாமஸ் ஸ்பால்டிங் என்ற தோட்ட முதலாளி தீவின் தெற்கை வாங்கி, பருத்தியும் கரும்பும் போட்டு, நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக வைத்து வேலை வாங்கினார். அந்த அடிமைகளுக்கு மேஸ்திரியாக இருந்தவர் பிலாலி முகமது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட முஸ்லிம். அவர் அரபியில் கைப்பட எழுதிய ஏடு இன்று ஜார்ஜியா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ஹாக் ஹம்மக்கில் அவருடைய வம்சத்தார் இருக்கிறார்கள். விடுதலை கிடைத்ததும் இந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. 1871இல் வில்லியம் ஹில்லரியும் கூட்டாளிகளும் கம்பெனி சேர்த்து ரக்கூன் பிளஃப் பகுதியில் ஆயிரம் ஏக்கர் வாங்கினார்கள். நேற்று வரை சொத்தாக விற்கப்பட்டவர்கள் இன்று பத்திரம் எழுதி நிலம் வாங்கியிருக்கிறார்கள்! அங்கே அவர்கள் கட்டிய தேவாலயம் இன்னும் நிற்கிறது, ஊர்தான் இல்லை.

ஊர் ஏன் இல்லை என்றால், தீவு கோடீஸ்வரர்கள் கைக்குப் போனது. 1912இல் ஹட்சன் கார் கம்பெனியின் ஹோவார்ட் காஃபின் வாங்கினார். 1934இல் புகையிலைக் குடும்பத்து ஆர். ஜே. ரெனால்ட்ஸ் ஜூனியர். தீவின் நாலா பக்கமும் இருந்த கறுப்பினக் குடியிருப்புகளை ஒவ்வொன்றாகக் காலி செய்ய வைத்து, எல்லோரையும் ஹாக் ஹம்மக் என்ற ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்தவர் இவர்தான். தீவில் வேலை என்றால் அவரிடம்தான். மறுத்துப் பேச யாரால் முடியும்? அவர் இறந்தபின் அவர் மனைவி நிலத்தை மாநிலத்துக்கு விற்றார். ஆக, இப்போது நீங்கள் சட்டம் போட்டுத் திருத்துகிற இந்த ஊர், ஏற்கனவே பல ஊர்களை அள்ளி ஓரமாக ஒதுக்கிய பிறகு மிஞ்சியது. இதற்கு மேல் ஒதுங்க அவர்களுக்குக் கடல்தான் இருக்கிறது.

நான் முதல் முறை போனபோது அங்கே சோறும் சிவப்புக் காராமணியும் சாப்பிட்டேன். என் பாட்டி வைக்கிற காராமணியின் அக்கா மாதிரி இருந்தது. அந்தப் பயறை மறுபடி தீவில் விளைவித்து விற்று, அந்தக் காசில் ஊரைக் காப்பாற்றலாம் என்று முயன்றவர் மறைந்த கொர்னீலியா வாக்கர் பெய்லி அம்மையார். பயறு விற்று வரி கட்டுகிற யோசனை ஒரு ஊருக்கு ஏன் வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் டேரியன் ஊரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1736இல் ஸ்காட்லாந்து மலைநாட்டார் வந்து குடியேறிய ஊர். 1739 ஜனவரியில் அந்த ஊர்க்காரர்கள் பதினெட்டு பேர் கையெழுத்துப் போட்டு, ஜார்ஜியாவுக்குள் அடிமைமுறையை விடக்கூடாது என்று, ஜார்ஜியாவை நிறுவிய ஓகல்தார்ப்புக்கு மனு கொடுத்தார்கள். ஒரு இனத்தை, அவர்கள் பிள்ளைகுட்டிகளோடு, என்றென்றைக்கும் அடிமையாக்குவது மனித இயல்புக்கே அதிர்ச்சி என்று அதில் எழுதினார்கள். தங்கள் பாதுகாப்பு, பிழைப்பு பற்றிய கணக்கும் அதில் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனாலும் அந்தக் காலத்தில் அப்படி எழுத ஒரு தைரியம் வேண்டும்.

அன்று மனு கொடுத்தது உங்கள் ஊர். இன்று மக்கள் கொடுத்த மனுவை நிறுத்தக் கோர்ட்டுக்குப் போனதும் உங்கள் ஊர். சேப்பலோக்காரர்களும் அவர்களுக்குத் துணை நின்றவர்களும் கவுண்டி முழுக்க அலைந்து 1,800க்கும் மேற்பட்ட வாக்காளர்களின் கையெழுத்தை வாங்கினார்கள். முப்பது ஐம்பது பேர் உள்ள ஊர் இவ்வளவு கையெழுத்தைத் தனியாகப் போட்டிருக்க முடியாது. உங்களுக்கு ஓட்டுப் போட்ட அக்கம்பக்கத்துக்காரர்கள்தான் போட்டார்கள். 2024 அக்டோபர் 1ஆம் தேதி வாக்கெடுப்பு என்று முடிவானது. நூற்றுக்கணக்கானோர் முன்கூட்டியே வாக்களித்தும் விட்டார்கள். நீங்கள் கோர்ட்டுக்குப் போய், எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் நில வகைப்பாட்டுச் சட்டத்தில் மக்கள் வாக்கெடுப்புக்கு இடமில்லை என்று வாதாடி, நாள் நெருங்கிய நேரத்தில் நிறுத்தினீர்கள். தெற்கே இருக்கும் கேம்டன் கவுண்டியில் ராக்கெட் தளம் வேண்டாம் என்று 2022இல் இதே போலத்தான் மக்கள் ஓட்டுப் போட்டார்கள், மாநில உச்ச நீதிமன்றமும் 2023இல் அது செல்லும் என்றது. ராக்கெட்டுக்கு ஓட்டுப் போடலாம், வீட்டுக்குப் போடக்கூடாதா?

சட்ட நுணுக்கத்தை நீதிபதிகள் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் வாதம் சட்டப்படி சரியாகவே இருக்கலாம். நான் கேட்பது வேறு. ஜெயிப்போம் என்று நம்பிக்கை இருந்திருந்தால் வாக்கெடுப்பை ஏன் நிறுத்த வேண்டும்? தோற்போம் என்று தெரிந்திருந்தால், மூன்று பேர் கை தூக்கியது யாருக்காக? அந்த 3,000 சதுர அடியைக் கேட்டு எத்தனை தீவுக்காரர்கள் உங்களிடம் மனு கொடுத்தார்கள் என்று ஒரு எண்ணைச் சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

மறுபடியும் கோபம் வந்துவிட்டது. பணிவாகவே முடிக்கிறேன்.

உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஹாக் ஹம்மக், 1,400 சதுர அடி, மறுபரிசீலனை. அதற்குக் கோர்ட் தீர்ப்பு வேண்டியதில்லை, வக்கீல் செலவும் இல்லை. செப்டம்பரில் கை தூக்கிய மூவரில் ஒருவர் இந்த முறை கையைக் கீழே வைத்திருந்தால் போதும். கூட்டத்தை மட்டும் கொஞ்சம் சீக்கிரமாக ஆரம்பியுங்கள். தீவுக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டுக் கடைசிப் படகைப் பிடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
சேப்பலோவில் இரண்டு முறை சோறு சாப்பிட்ட ஒரு ஜார்ஜியா வாக்காளர்
அட்லாண்டா, நவம்பர் 2024