டிசைன் படிப்பு பற்றிக் கமலாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு டிசைன் படிப்பில் இடம் கிடைத்ததைச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே "டப்பாவுக்கும் பாட்டிலுக்கும் அலங்காரம் செய்ய நான்கு வருடமா?" என்று அலுத்துக்கொண்டிருக்கிறாய். அந்தக் குழந்தையிடமும் இதையேதான் சொல்லியிருப்பாய். அவள் பக்கம் நின்று உன்னோடு கொஞ்சம் சண்டை போட வேண்டும்.

தேர்தல் வேலைக்குப் போன நாட்களை நினைத்துப் பார். பழைய வாக்குச் சீட்டில் குத்த ஒரு ரப்பர் முத்திரை கொடுப்போமே, நான்கு கைகளும் ஒரே பக்கமாகத் திரும்பிய, ஸ்வஸ்திக் போன்ற குறி. மை காய்வதற்குள் சீட்டை மடித்தால் அதன் பிரதி வேறொரு சின்னத்தின் மேல் ஒட்டிவிடும். ஆனால் ஒட்டிய பிரதியில் கைகள் மறுபக்கம் திரும்பியிருக்கும். எண்ணுகிறவர் எது குத்தியது, எது மடிப்பில் பதிந்தது என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம். சாதாரணப் பெருக்கல் குறியாக இருந்திருந்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்து வீண் வழக்காகியிருக்கும். உன் பேத்தி படிக்கப்போவது இந்த மாதிரி யோசனையைத்தான்.

1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் முத்திரையே கிடையாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியின் மேல் அவருடைய சின்னம். வேண்டியவர் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். படிக்காத ஜனங்களுக்கு ஓட்டு எதற்கு என்று கேட்டவர்களும் இருந்தார்கள். ஏற்பாடு செய்தவர்களோ படிப்பே தேவைப்படாத வழியைக் கண்டுபிடித்தார்கள். எனக்கு அவர்கள் மேல் தனி மரியாதை.

பின்னால் வந்த வாக்குப்பதிவு இயந்திரத்திலும் அதே புத்தி தெரிகிறது. அதன் வடிவமைப்பில் பம்பாய் ஐ.ஐ.டி.யின் டிசைன் மையத்து ஆசிரியர்களுக்குப் பங்கு உண்டு. பெயர், சின்னம், நீலப் பொத்தான் எல்லாம் ஒரே வரிசை. அழுத்தியதும் சிவப்பு விளக்கும் அதே வரிசையில் எரியும், நீளமாக ஓர் ஒலி கேட்கும். நடுங்கிய கையோடு வரும் பாட்டிகள்கூட அந்தச் சத்தம் வரும்வரை நகர மாட்டார்கள், "விழுந்துவிட்டதா அம்மா?" என்று நம் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

எந்த ஏற்பாட்டுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு என்பதை ஈரோடு பக்கத்து மொடக்குறிச்சிக்காரர்கள் வாக்குச் சீட்டுக் காலத்திலேயே காட்டிவிட்டார்கள். 1996 சட்டமன்றத் தேர்தலில் அந்த ஒரே தொகுதியில் 1,033 பேர் போட்டி! வாக்குச் சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று, தேர்தலையும் தள்ளிவைத்தார்கள். நீ அப்போது ஈரோட்டில்தானே இருந்தாய்?

நம் ஊர் முத்திரைக்கும் இயந்திரத்துக்கும் நேர்மாறான கதை அமெரிக்காவில் நடந்தது. 2000ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில், புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் பகுதியில் வயதான வாக்காளர்கள் அதிகம். எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் பெயர்களை இடமும் வலமுமாக இரண்டு பக்கத்தில் அச்சிட்டு, ஊசி போன்ற கம்பியால் குத்துவதற்கான துளைகளை நடுவில் ஒரே வரிசையாக வைத்தார்கள். இடப்பக்கத்தில், முக்கிய வேட்பாளர் இருவரில் ஒருவரான அல் கோர் பெயர் இரண்டாவது. ஆனால் இரண்டாவது துளை வலப்பக்கத்து முதல் பெயரான புகானன் என்ற சிறிய கட்சி வேட்பாளருக்கு! கோரின் துளை மூன்றாவது. புகானனுக்கு அங்கே மட்டும் 3,407 ஓட்டு விழுந்தது. அவருக்கு அங்கே அவ்வளவு செல்வாக்கு ஏது? மாநிலம் முழுக்கச் சேர்த்து, கோரை எதிர்த்து நின்ற புஷ் ஜெயித்த வித்தியாசம் 537 ஓட்டு. ஒரு நாட்டின் தலைவிதி அச்சுத்தாளின் அமைப்பில் தொங்கியது. கண்ணுக்கு உதவி செய்யப் போனவர்கள் கையை மறந்துவிட்டார்கள். அச்சிடுவதற்கு முன் அந்த ஊர்த் தாத்தாக்களை உட்காரவைத்துக் குத்திப் பார்க்கச் சொல்லியிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். அப்போதும் "பார்த்துப் போடத் தெரியாதா?" என்று வாக்காளர்களைத்தான் பலர் கேலி செய்தார்கள். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

இங்கே எங்கள் வீட்டில் தினமும் நடப்பது மாத்திரை அட்டைப் போராட்டம். காலாவதித் தேதியை வெள்ளித்தாளின் ஓரத்தில், மை இல்லாமல் அழுத்திப் பதித்திருக்கிறார்கள். இவர் செல்போன் விளக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்துப் படிப்பார். கடையில் பாதி அட்டையை வெட்டிக் கொடுத்தால் தேதி கடையிலேயே தங்கிவிடும். இரத்த அழுத்த மாத்திரையை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நம் வயதுக்காரர்கள் என்பது தயாரிக்கிறவர்களுக்குத் தெரியாதா என்ன?

திருந்தவே மாட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. உணவுப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு வட்டம் என்று இருந்ததே, நிறக்குருடு உள்ளவர்களில் சிலருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளில் அசைவக் குறி முக்கோணமாகிவிட்டது. செலவில்லாத திருத்தம். இத்தனை வருடம் ஏன் ஆயிற்று என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

ஆகவே குழந்தையைச் சீண்டாதே. ஊர் விட்டு ஊர் போகிற பெண்ணிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற வயதா உனக்கு?

மற்றபடி இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மாடிப்படியைக் கண்டாலே முறைக்கிறது. தங்கை மகளுக்கு ஐப்பசியில் வளைகாப்பு; நீ கட்டாயம் வர வேண்டும், இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா. ஆவக்காய் ஊறுகாய் போட்டிருக்கிறேன். பேத்தி கிளம்பும் தேதியை எழுது, ஒரு ஜாடி அவளுக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
விசாலம்