வாசலை அடைக்கும் சொல்

சிகாகோ,
அக்டோபர் 12

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. தங்கையின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. ஓய்வு பெற்ற பிறகும் நீ அதே பள்ளிக்குப் போய் மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாய் என்பதில் எனக்கு வியப்பே இல்லை. சாக்பீஸ் தூசி படாவிட்டால் உனக்குச் சோறு இறங்காது.

மூன்றாம் பக்கத்தை மட்டும் பலமுறை படித்தேன். மகளுக்குச் சென்னையில் வீடு பார்த்த கதை. ஒன்பது வீடுகள். யாரும் கடுஞ்சொல் சொல்லவில்லை. உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்தார், சைவமா அசைவமா, குலதெய்வம் எங்கே இருக்கிறது என்று சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் தொலைபேசியில், உறவினர் ஒருவருக்கு முன்பே சொல்லிவிட்டோம் என்ற பதில். ஒரு மருத்துவருக்கு, அவள் வைத்தியம் பார்க்கிற ஊரிலேயே, தங்க இடமில்லை. அதன் கீழே நீ ஒரு கேள்வி எழுதியிருக்கிறாய்: “உங்கள் நாட்டில் யாரும் யாரையும் எவ்வளவு கேவலமாகவும் பேசலாம், சட்டம் தடுக்காது என்கிறார்களே, அங்கே நீ எப்படி இத்தனை ஆண்டுகள் இருக்கிறாய்?”

நேராகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

இங்கிருந்து சற்றுத் தொலைவில் ஸ்கோக்கி என்று ஓர் ஊர் இருக்கிறது. 1977-இல் அங்கே வாழ்ந்த சுமார் 70,000 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் யூதர்கள். ஹிட்லரின் முகாம்களிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அந்த ஊரைத் தேடிப் பிடித்து, நாஜிச் சீருடையும் ஸ்வஸ்திகாவும் அணிந்து அங்கே நிற்கப்போவதாக ஒரு சிறு கும்பல் அறிவித்தது. ஊராட்சி தடை வாங்கியது. அந்தக் கும்பலுக்காக நீதிமன்றம் போனது ஏ.சி.எல்.யூ. என்ற குடிமை உரிமைகள் அமைப்பு. வாதாடிய வழக்கறிஞர் ஒரு யூதர். அமைப்பிலிருந்து உறுப்பினர்கள் கூட்டம் கூட்டமாக விலகினார்கள். ஆனாலும் நீதிமன்றங்கள் கடைசியில் தடை செல்லாது என்றே சொல்லின. 1969-இல் வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளானின் தலைவன் பிராண்டன்பர்க்கின் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கோட்டைக் கிழித்துவிட்டிருந்தது: உடனடி வன்முறையைத் தூண்டும் நோக்கமும், அது நடந்துவிடும் வாய்ப்பும் இருந்தால் ஒழிய, வெறுப்பைப் பேசியதற்காக மட்டும் ஒருவனைத் தண்டிக்க முடியாது.

அந்தக் கும்பல் கடைசியில் ஸ்கோக்கிக்கு வரவில்லை. 1978 ஜூலையில் சிகாகோவின் மார்க்கெட் (Marquette) பூங்காவில் கூடினார்கள். அதே பூங்காவில்தான் 1966 ஆகஸ்ட் 5 அன்று, கறுப்பினத்தவருக்கு எந்தப் பகுதியிலும் வீடு கிடைக்க வேண்டும் என்று ஊர்வலம் போன மார்ட்டின் லூதர் கிங்கின் தலையில் கல் விழுந்தது. வீட்டுக்காக, நண்பா. உன் மகள் கேட்ட அதே வீட்டுக்காக.

சென்ற மாதம் ஸ்கோக்கியில் இருக்கிற யூத இனப்படுகொலை அருங்காட்சியகத்துக்குப் போய் வந்தேன். அதுவரை பிள்ளைகளிடம்கூடத் தங்கள் கதையைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்த பலர், அந்த அறிவிப்புக்குப் பிறகுதான் பேசத் தொடங்கினார்கள். 1981-இல் ஒரு கடையறையில் சிறிதாக ஆரம்பித்தது, 2009-இல் பெரிய கட்டடமாக எழுந்திருக்கிறது. உள்ளே அந்தக் காலத்து ஜெர்மன் ரயில் பெட்டி ஒன்று நிற்கிறது. அதன் இருட்டில் நின்றபோது, அந்தத் தீர்ப்பை என்னால் அன்றும் இன்றும் முழு மனதோடு ஏற்க முடியவில்லை என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கொள்கை நீதிபதிகளுடையது. அதற்கு விலையாகத் தூக்கத்தை இழந்தவள் முகாமிலிருந்து வந்த ஒரு கிழவி. மறுபுறம், தடை நிலைத்திருந்தால் அதே தடையைக் கொண்டு மறுநாள் யாருடைய ஊர்வலத்தை நிறுத்தியிருப்பார்கள் என்றும் நினைத்துப் பார்க்கிறேன். கிங்கின் ஊர்வலமும் அன்று அந்தப் பகுதி மக்களின் மனத்தைப் புண்படுத்தியதுதான்.

இவ்வளவு தூரம் பேச்சை அவிழ்த்துவிட்ட நாடு என்னை எங்கே நிறுத்தியது தெரியுமா? 1996-இல் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தை வாடகைக்கு விட நினைத்து, உள்ளூர்ப் பத்திரிகைக்கு விளம்பரம் எழுதிக் கொண்டுபோனேன். ‘இந்தியக் குடும்பத்துக்கு முன்னுரிமை’ என்று ஒரு வரி. விளம்பரப் பிரிவில் இருந்த பெண் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, “இதை நாங்கள் அச்சிட முடியாது, நீங்களும் எழுத முடியாது” என்றாள். கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று கையெழுத்தான வீட்டு வசதிச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இனம், மதம், பிறந்த நாடு என்று எதை வைத்தும் விருப்பம் தெரிவிக்கிற விளம்பரம் கூடாது. சொந்த வீட்டில் ஒரு பகுதியை மட்டும் வாடகைக்கு விடுகிற சிறு உரிமையாளருக்குச் சட்டத்தின் வேறு சில விதிகளில் விலக்கு உண்டு. விளம்பரத்துக்கு அந்த விலக்கும் கிடையாது.

அன்று எனக்குக் கோபம் வந்தது. நாஜிக்கு இடம் கொடுத்த சட்டம், நம் மொழி பேசுகிறவர்கள் கீழே இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்த எனக்கு இடம் கொடுக்கவில்லையே என்று வீட்டில் கத்தினேன். புரிய ஆண்டுகள் ஆயின. தெருவில் நின்று கத்துகிறவனின் சொல் காற்றில் போகிறது; அதற்குப் பதில் சொல்லலாம், எதிரே நின்று கத்தலாம். என் விளம்பர வரி ஒருவர் முகத்தில் கதவைச் சாத்துகிறது. அவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பே இல்லை. நான் அவரைப் பார்க்கப்போவதுகூட இல்லை. வாசலை அடைக்கிற சொல்லை இந்த நாடு சொல்லாகவே கணக்கில் எடுப்பதில்லை, செயலாக எடுக்கிறது. சட்டம் இருப்பதால் சிகாகோவில் எல்லாத் தெருவிலும் எல்லோரும் கலந்து வாழ்கிறார்கள் என்று நினைத்துவிடாதே. தெற்கே போனால் மைல் கணக்கில் கறுப்பின மக்கள் மட்டுமே வாழும் பகுதிகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் உன் மகளுக்கு நடந்தது இங்கே இனத்தின் பேரில் நடந்தால், புகார் கொடுக்க ஓர் அலுவலகம் இருக்கிறது, பெயர் சொல்லக்கூடிய ஒரு சட்ட மீறல் இருக்கிறது.

அங்கே என்ன இருக்கிறது? தீண்டாமைதான் காரணம் என்று காட்ட முடிந்தால் 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் காபி கொடுத்து, குலதெய்வத்தை விசாரித்து, மறுநாள் உறவினரைக் கொண்டுவந்து நிறுத்துகிறவரிடம் நீ எதைக் காட்டுவாய்? அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டுமே இடம் என்ற வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்க விதி செல்லும் என்று நம் உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ, கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்ற பத்திர நிபந்தனையை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றித் தரக் கூடாது என்று 1948-லேயே சொல்லிவிட்டது. இந்த இடைவெளி எனக்கு வேதனையாக இருக்கிறது.

ஆனால் வாயை மூடும் சட்டங்கள் நம்மிடம் நிறைய. மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கும் 295-ஏ பிரிவு 1927-இல் வெள்ளைக்காரன் போட்டது. 2024 ஜூலையிலிருந்து புதிய எண்ணோடு அப்படியே தொடர்கிறது. சுதந்திர இந்தியா தன் அரசியல் சாசனத்தில் செய்த முதல் திருத்தத்தை எடுத்துக்கொள். அமெரிக்காவின் முதல் திருத்தம் 1791-இல் பேச்சுரிமையைக் கொடுத்தது. நம்முடையது 1951-இல் பேச்சுரிமைக்கு வேலி போட்டது. இதில் நம் மாகாணத்துக்கு இரட்டைப் பங்கு உண்டு என்பதைப் படித்தபோது எழுந்து நடந்துவிட்டேன். ஒரு இடதுசாரி வார இதழைச் சென்னை அரசு தடை செய்து, 1950-இல் உச்ச நீதிமன்றத்தில் அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பரிடம் தோற்றது. கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த வகுப்புவாரி அரசாணை செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951-இல் அடிபட்டது. இரண்டுக்கும் விடையாக வந்தது அதே திருத்தம். ஒரு கையால் பொது ஒழுங்கின் பெயரில் வாய்க்கு வேலி. மறு கையால் இட ஒதுக்கீட்டுக்கு வழிவிட்ட 15(4), உனக்கும் எனக்கும் ஒரே வகுப்பறையில் இடம் கொடுத்த பிரிவு. ஒன்றை நான் வணங்குகிறேன். மற்றொன்றோடு சண்டை போடுகிறேன். இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன.

சண்டை ஏன் என்றால், ‘புண்பட்டது’ என்ற சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு காயங்களைப் போட்டுக் கட்டிவிட்டோம். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுமக்கள் பார்வையில் ஒரு பட்டியல் இனத்தவரைச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவதைக் குற்றம் என்கிறது. அமெரிக்கச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அது பார்த்திருக்கிறது: தலைமுறை தலைமுறையாக அடித்த கை அந்தச் சொல்லின் பின்னால் ஓங்கி நிற்கிறது என்பதை. அது இழிவு. அந்தச் சட்டம் அங்கே இருக்க வேண்டும். இங்கேயும் அதுபோல ஒன்று இருந்தால் நல்லது என்பேன். ஆனால் தன் ஊரைப் பற்றி, தன் சாதியைப் பற்றி ஒருவர் கதை எழுதினார் என்று கூட்டம் கூடி மிரட்டுகிறவர்களும் புண்பட்டோம் என்கிறார்கள். பெருமாள்முருகன் 2015 ஜனவரியில் தனக்குள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தாரே, அன்று புண்பட்டது யார், நசுக்கப்பட்டது யார்? 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவரை மீண்டும் எழுதச் சொன்னது. அந்த அறிவிப்புக்கு முன் மாவட்ட நிர்வாகம் அவரை உட்காரவைத்துப் பேசிய சமாதானம் என்பது, எழுதியவர் மன்னிப்புக் கேட்பது.

1936-இல் லாகூரில் அம்பேத்கர் ஆற்றவிருந்த உரையை நினைத்துப் பார். சாதியை ஒழிப்பதற்கென்றே தொடங்கிய சங்கம் அவரைத் தலைமை தாங்க அழைத்தது. உரையை முன்கூட்டியே படித்துப் பார்த்துச் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்றார். கூட்டமே நடக்கவில்லை. தன் செலவில் அச்சிட்டு வெளியிட்டார். ஒடுக்கப்பட்டவன் உண்மையைச் சொல்லும்போது முதலில் புண்படுவது ஒடுக்கியவன் மனம்தான். அதற்கு மருந்து போடுகிற சட்டம் நமக்கு வேண்டாம்.

இப்போது, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நான் உன்னிடம் பேசாத ஒன்றைப் பேசப்போகிறேன். 1977 திருவிழாவுக்கு நீ எங்கள் ஊருக்கு வந்தாய். திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். பெரியம்மா எனக்கு வெண்கல லோட்டாவில் மோர் கொண்டுவந்தார், உனக்கு அலுமினியக் குவளையில். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்பாகச் சிரிக்கக்கூடச் செய்தார். நீ குடித்தாய், வாசல் குழாயில் குவளையைக் கழுவினாய், திண்ணையின் கோடியில் கவிழ்த்து வைத்தாய். எங்கே வைக்க வேண்டும் என்று உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் லோட்டாவை அப்படியே கீழே வைத்தேன். இரண்டு நாட்டுச் சட்டப் புத்தகங்களையும் புரட்டுகிறேன். சத்தமில்லாத அந்தக் குவளைக்கு எந்தப் பிரிவு என்று தேடுகிறேன். அன்று நான் பேசியிருக்க வேண்டும். எந்தச் சட்டமும் என் வாயைக் கட்டவில்லை.

சாதி இங்கேயும் கப்பலேறி வந்துவிட்டது, உனக்குத் தெரியும். சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்காவில் அதுவே முதல் நகரம். கலிபோர்னியாவில் அதே ஆண்டு நிறைவேறிய மசோதாவை, இருக்கிற சட்டமே போதும் என்று ஆளுநர் திருப்பி அனுப்பிவிட்டார். போதாது. சென்ற மாதம் ஒரு வீட்டு விருந்தில், இட ஒதுக்கீட்டில் படித்த மருத்துவரிடம் தன் பிள்ளைகளைக் காட்ட மாட்டேன் என்று ஒருவர் சொன்னார். நன்கு படித்தவர், எனக்கு இருபது ஆண்டுப் பழக்கம். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். சிலர் சிரித்தார்கள். எனக்கு உன் மகளின் முகம் வந்தது. தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

உன் கடிதம் வந்த இரவு அவருக்கு எழுதினேன். இரண்டு பக்கம். உன் மகளைப் பற்றி, ஒன்பது வீடுகளைப் பற்றி, அலுமினியக் குவளையைப் பற்றி. அவரைத் திட்டவில்லை. அன்று மேசையில் சொல்லாததை இன்று சொல்கிறேன் என்று மட்டும் எழுதினேன். இதுவரை பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறு அதே வீட்டில் மறுபடியும் விருந்து. அவரும் வருகிறார், நானும் போகிறேன்.

டிசம்பர் கடைசியில் மதுரைக்கு வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். மகளுக்கு வீடு கிடைத்ததா என்று அதற்குள் எழுது. கிடைக்காவிட்டால், மீதி வீடுகளுக்கு அவளோடு நானும் வருகிறேன். யாராவது குலதெய்வத்தை விசாரித்தால், எதற்குக் கேட்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

தங்கைக்கு என் அன்பு. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்.

உன்,
பழைய அறைத்தோழன்