ஏழு அல்ல, நான்கு

கேம்பிரிட்ஜ், மாசசூசெட்ஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

"அங்கே உனக்கு என்னதான் வேலை?" என்று போன வாரம் போனில் கேட்டீர்கள். லைன் விட்டு விட்டு வந்ததில் பதில் பாதியில் நின்றுபோனது. எழுதியே சொல்லிவிடுகிறேன்.

பத்திரிகை, பேச்சுரிமை, பொது விவகாரம் என்று பேசுவதற்காகவே பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் இருக்கிறது. அதில் எனக்குப் பகுதிநேர வேலை. நாற்காலி போடுவது, மைக் சரிபார்ப்பது, நோட்டீஸ் அச்சடிப்பது, எல்லாரும் போன பிறகு காப்பிக் கோப்பைகளைப் பொறுக்குவது. பதவியின் பெயர் மட்டும் இரண்டு வரி வரும். சொந்தக்காரர்கள் கேட்டால் அதையே சொல்லிக்கொள்ளுங்கள்.

நடக்கிற தூரத்தில் நீமன் அறக்கட்டளை இருக்கிறது. மில்வாக்கியில் பத்திரிகை நடத்திய ஒருவரின் மனைவி, கணவர் நினைவாக ஹார்வர்டுக்கு எழுதிவைத்த சொத்தில் 1938-இல் தொடங்கியது. பல நாட்டுப் பத்திரிகையாளர்கள் ஒரு கல்வியாண்டு இங்கே வந்து பிடித்ததைப் படிக்கிறார்கள். பட்டம் எதுவும் கிடையாது. தலை நரைத்தவர்கள் முதுகில் புத்தகப் பையோடு போவதைப் பார்க்கும்போது உங்கள் ஞாபகம் வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு வழக்கறிஞர் பேச வந்தார். 'நியூயார்க் டைம்ஸ் எதிர் சல்லிவன்' வழக்கு பற்றிய கூட்டம். நோட்டீஸில் 1964 என்று போடவேண்டிய இடத்தில் 1946 என்று போட்டுவிட்டேன். இருநூறு பிரதி! முப்பத்தைந்து வருடம் புரூப் பார்த்தவரின் மகள். எனக்கு முகமே இல்லை. பேச வந்தவரோ நோட்டீஸைப் பார்த்துச் சிரித்தார். "இந்த வழக்குக்கு இதைவிடப் பொருத்தமான நோட்டீஸ் கிடையாது" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்பது கூட்டத்தில்தான் புரிந்தது. 1960 மார்ச்சில் மார்ட்டின் லூதர் கிங்குக்காக நிதி கேட்டு அந்தப் பத்திரிகையில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. அதில் ஏகப்பட்ட பிழைகள். கிங் ஏழு முறை கைதானார் என்று போட்டிருந்தது. உண்மையில் நான்கு முறை. போராடிய கறுப்பின மாணவர்கள் எந்தப் பாட்டைப் பாடினார்கள் என்பதே தப்பு. கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தைப் பூட்டினார்கள் என்றது, பூட்டவில்லை. அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி நகரில் போலீசுக்குப் பொறுப்பாக இருந்த சல்லிவன் என்பவர் மானநஷ்ட வழக்குப் போட்டார். விளம்பரத்தில் அவர் பெயர் எங்கேயும் இல்லை. ஆனாலும் அலபாமா ஜூரி அவருக்கு 5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது.

இதில் உங்களுக்குக் கோபம் வரப்போகிற இடம் ஒன்று உண்டு. சரியான தகவல் அந்தப் பத்திரிகையின் சொந்தக் கோப்புகளிலேயே இருந்திருக்கிறது. விளம்பரம்தானே என்று யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. நீங்கள் அங்கே இருந்திருந்தால் சிவப்புப் பேனாவோடு நடுராத்திரியில் ஆசிரியர் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பீர்கள்.

உச்ச நீதிமன்றம் ஒன்பது பேரும் ஒரே பக்கம் நின்று தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. பொய் என்று தெரிந்தே எழுதினாலோ, உண்மையா பொய்யா என்ற கவலையே இல்லாமல் எழுதினாலோதான் ஓர் அரசு அதிகாரி நஷ்டஈடு வாங்க முடியும். கோப்பைப் பார்க்காதது கவனக்குறைவு. அதற்காகப் பத்திரிகையை முடக்க முடியாது. பிழைக்கு இவ்வளவு சலுகையா என்று எனக்கும் முதலில் உங்களைப் போலத்தான் தோன்றியது.

அப்புறம் நீங்கள் சொன்ன கதை நினைவுக்கு வந்தது. ஏரி மண் காண்ட்ராக்ட் பற்றிய செய்தி. வக்கீல் நோட்டீஸ் வருமென்று யாரோ சொன்னதும் கடைசிப் பத்தியை உருவிவிட்டு, அந்த இடத்தில் எண்ணெய் விளம்பரத்தைப் போட்டார்களே. அந்தப் பத்தியில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை என்று நீங்கள் இன்றைக்கும் சொல்வீர்கள். அந்தக் காலத்தில் அலபாமாவிலும் இதேதான். ஏழா நான்கா என்பதா அவர்களுக்குக் கவலை? கறுப்பர்களின் போராட்டத்தைப் பற்றி எழுத வெளியூர் நிருபர் யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது, அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தீர்ப்பு நம்மூருக்கும் வந்திருக்கிறது. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடலாமா என்ற வழக்கில், 1994-இல் நம் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கை எடுத்துப் பேசியிருக்கிறது. அன்றைக்குப் பேப்பரை நீங்கள் சத்தமாக வாசித்தது ஞாபகம் இருக்கிறது. மாண்ட்கமரி எனக்கு எங்கே தெரியும்? ஆனால் நம்மிடம் அவதூறுக்கு இன்னும் ஜெயில் உண்டு. 2016-இல் அதுவும் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இவர்களுடைய அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் பேச்சில் கைவைக்காதே என்று அரசைத் தடுக்கிறது. நம்முடைய முதல் திருத்தம், 1951-இல் வந்தது, பேச்சுக்குக் கட்டுப்பாட்டைக் கூட்டியது. பெயர் மட்டும் ஒன்று.

கேள்வி நேரத்தில் நான்தான் மைக் பிடிப்பேன். ஆளுக்கு ஒரு கேள்வி, சுருக்கமாக, கேள்விக்குறியோடு முடிய வேண்டும் என்பது விதி. பாதிப் பேர் பிரசங்கம் செய்துவிட்டுக் கடைசியில் "சரிதானே?" என்று சேர்த்துக்கொள்கிறார்கள். அன்றைக்கு எப்போதும் கதவோரம் உட்காரும் ஒரு பெரியவர் எழுந்தார். ஒரு மணி நேரம் ரயிலில் வருகிறவர். அவர் ஊர்ப் பத்திரிகையை மூடி நாலைந்து வருடம் ஆகிறதாம்; நகரசபைக் கூட்டத்துக்கு இப்போது நிருபர் என்று யாருமே போவதில்லையாம். "பிழை விடலாம் என்கிறீர்கள், நல்லது. மறுநாள் 'ஏழு அல்ல, நான்கு' என்று திருத்தம் போட எங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள்?" என்றார்.

வழக்கறிஞர் ஏதோ சொன்னார். நல்ல பேச்சாளர்தான், ஆனால் அது பதில் இல்லை. பெரியவர் தலையாட்டிவிட்டு மைக்கை என்னிடம் கொடுத்தார். அவர் கை லேசாக நடுங்கியது.

அந்த எண்ணெய் விளம்பரத்துக்கு முந்தைய புரூப் தாளை வீட்டுக்கு எடுத்து வந்ததாகச் சொல்வீர்கள் அல்லவா? பரணில் பச்சை டிரங்குப் பெட்டியில் இருக்கலாம். நீங்கள் ஏற வேண்டாம், தம்பியை ஏறச் சொல்லுங்கள். கிடைத்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அந்தப் பத்தியை நான் இன்னும் படித்ததில்லை.

அன்புடன்,
உங்கள் மகள்